சிஸ்டர் அடிக்காமல் விட்ட சீட்டு

கரையான்சாவடி காய்க்கடையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஐயப்பன்தாங்கலில் தன் அம்மா வீட்டில் இருக்கும் என் மருமகள் கவிதா. “அத்தே, பிலோமினா சிஸ்டர் தவறிட்டாங்களாம்” என்றாள். “சரி” என்றேன். காயைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆவடி பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வழியெல்லாம் கூட வந்தது.

குவார்ட்டர்ஸ்காரர்களே, சிஸ்டரைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுதத் தெரியாது.

பேக்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன பிறகும், நாம் எந்த மருந்துச் சீட்டையும் அவரிடம் காட்டாமல் வாங்கியதில்லை. சிவப்புப் பேனாவால் டிக் போட்டால் வாங்கலாம். பெருக்கல் குறி போட்டு அடித்தால் குப்பைக்குப் போகும். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ஏதோ ஒரு பொடி வாங்கி வந்தார். சிஸ்டர் டப்பாவின் மேலேயே பெருக்கல் குறி போட்டார். “இத்த துன்னா சக்கர போவாது அண்ணாத்தே, கிட்னிதான் பூடும். பொட்டிக்கடைல பொரி வாங்கித் துன்னு, அதுனாச்சும் ருசியா இருக்கும்!” வீட்டுக்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

என் மகன் செந்திலுக்கு வானகரம் பைபாஸில் லாரி இடித்து இடுப்பெலும்பு உடைந்தது உங்களுக்குத் தெரியும். எழுந்து நடந்ததும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கவிதா அதை என்னிடம் சொல்லக் கூசி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் என் சமையல்கட்டுக்கே வந்தார்.

“ரத்னா, உன் புள்ளைக்கு எலும்பு கூடிச்சி. ஆனா இடுப்பாண்ட நரம்பு கெட்டுப்பூட்ச்சி. பொண்டாட்டியோட சேர முடில.”

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

“கை வர்லன்னா ஊருக்கே சொல்றீங்க, கால் வர்லன்னா சொல்றீங்க. இத்த மட்டும் இன்னாத்துக்கு முழுங்குறீங்க?”

அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் பேசினார். நரம்பு பழையபடி ஆகுமென்று சொல்ல முடியாது. மாத்திரை இருக்கிறது, வெளியே வைத்துக்கொள்கிற பம்ப் இருக்கிறது, ஒன்றும் கேட்காவிட்டால் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைக்கலாம் என்றார். செந்திலுக்கு மெஷின் பூட்டுகிற பிட்டர் வேலை. “நாள் பூரா மெஷினோடதான் மாரடிக்கிறேன். உள்ளயும் ஒண்ணு வெச்சா அது நானாம்மா?” என்றான். அப்புறம்தான் நகரத்தில் ஒரு கிளினிக்கைப் பிடித்தான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து, அந்த இடத்தில் ஊசி போடுவார்களாம். நரம்பு புதிதாக முளைக்குமாம். கையெழுத்துப் போட நாலு பக்கம் இங்கிலீஷ் பேப்பர் கொடுத்தார்கள். “சிஸ்டர் டிக் போட்டா போறேன்” என்றான்.

சிஸ்டர் அந்தப் பேப்பரை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார். மறுநாள் கடைசிப் பக்கத்தில் டிக் இருந்தது. “நிச்சயமா சரியாகுமா சிஸ்டர்?” என்று கேட்டேன். “ஆவும் ரத்னா” என்றார்.

நாலு தடவை ஊசி. ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு போனான். நரம்பு முளைக்கப் போகிறதே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையையும் பம்பையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டான். ஒன்றும் முளைக்கவில்லை. ஒன்றரை வருஷம் போனது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள் போல் ஆனார்கள். ஒரு நாள் கவிதா பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி நர்ஸிங் படிக்கிறாள்; எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண். போன மாதம் அந்தப் பேப்பரை அவளிடம் கொடுத்து, வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். “பாட்டி, இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்காம். பலன் கிடைக்கும்னு உறுதி இல்லன்னு போட்டிருக்கு.” நான் எட்டிப் பார்த்தேன். அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

படித்திருக்கிறார். கோடும் இழுத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் டிக் போட்டிருக்கிறார்.

அப்போது சிஸ்டர் படுக்கையில் இருந்தார். பேப்பரைக் காட்டினேன். மறைக்கவில்லை. “தெரியும் ரத்னா. உன் புள்ள வாசப்படில நின்னுகினு என் கையையே பாத்துகினு இருந்தான். அடிக்க கை வர்ல.”

“என் வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தா அடிச்சீங்க? அன்னிக்கே அடிச்சிருந்தா எம் பையன் ஒரு நாள் அழுதிருப்பான். பொண்டாட்டி வீட்ல இருந்திருப்பா” என்றேன். அவர் மகள் வைத்த டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். பிறகு போகவில்லை.

சாவு வீட்டுக்குக் கவிதா வந்திருந்தாள். மாலை போட்டுவிட்டு செந்தில் பக்கத்தில் போய் நின்றாள். “பழைய டாக்டரப் போய்ப் பாக்கலாம். நானும் வரேன்” என்றாள். அவன் தலையை ஆட்டினான். இன்னும் அவள் வீடு திரும்பவில்லை. டாக்டரைப் பார்க்கும் நாள் மட்டும் குறித்திருக்கிறார்கள்.

இதை அவர்கள் இருவரையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதும்மா, சிஸ்டரே முழுங்காதன்னுதான சொன்னாங்க” என்றான் மகன். எதற்கென்று தெரியாமலே, செந்திலுக்கு சிஸ்டர் டிக் போட்டாராமே என்று நம் குவார்ட்டர்ஸில் இன்னொரு வீட்டிலும் அந்தக் கிளினிக் பேப்பரை வாங்கி வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்காகத்தான் இத்தனையும்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நாலு பக்கம்தான். கிழிக்க மனம் வரவில்லை. நேற்று பேத்தியிடம் சிவப்புப் பேனா வாங்கி, கடைசிப் பக்கத்து டிக்கின் மேல் பெருக்கல் குறி போட்டேன். கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.