கருத்து எழுத இடமில்லை

பச்சை மையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச் வாலிபர்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். வாசித்தவர்கள் கடைசியில் விட்டிருக்கும் வெள்ளைத் தாள்களில் கருத்து எழுதி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதில் நான் ஒரு மாயக்கதையைத் தொடராக எழுதினேன். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். புனைபெயரெல்லாம் இல்லை, என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்.

ஒரு மந்திரவாதி ஒரு பெண்ணின் குரலைத் திருடிக் குடத்தில் அடைத்துவைக்கிறான். அவள் ஊமையாகவே அவனைத் தேடிப் போகிறாள். அதுதான் கதை. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் அண்ணனுடையதோ முத்து முத்தாக இருக்கும். அதனால் பத்திரிகை முழுவதையும் அவன்தான் பிரதி எடுப்பான்.

பல்லாவரத்து அக்கா ஒருவர், கதையில் மூழ்கி அடுப்பில் பால் பொங்கியதையே கவனிக்கவில்லை என்று எழுதினார். உபதேசியார் மனைவி, மந்திரமெல்லாம் சாத்தானின் வேலை, ஆனாலும் அடுத்த அத்தியாயம் சீக்கிரம் வரட்டும் என்று எழுதினார். நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு பச்சை மை வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ‘பெண் பெயருக்குள் ஒளிந்திருக்கும் நண்பரே, முகமூடியைக் கழற்றும். இந்தக் கற்பனை ஆண்பிள்ளைக்கே வரும்’ என்று எழுதியிருந்தார். மனைவி பெயரில் ஆண்கள் எழுதிக் குவித்த காலம் அது. ஊரும் உடனே நம்பிவிட்டது. கையெழுத்து வேறு அண்ணனுடையது. அடுத்த மாதமே அவனை எல்லோரும் எழுத்தாளரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆண்டு விழாவில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகூப்பிச் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ யாருடைய வேட்டியிலோ போயிற்று. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பேர் வீட்டுக்குத்தானே வந்தது, யாருக்கு வந்தால் என்ன என்றார்.

கதையில் இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. அண்ணன் அடுக்களைக்கு வந்து நின்றான்.

“கடைசி அத்தியாயம் எப்ப தருவே? எல்லாரும் கேக்கிறாங்க.”

“எழுத்தாளர் நீதானே. நீயே எழுதிக்கோ.”

கெஞ்சினான். அல்வா வாங்கி வந்தான். அல்வாவைச் சாப்பிட்டேன், அத்தியாயம் தரவில்லை.

வேறு வழியில்லாமல் அவனே எழுதினான். மந்திரவாதி கால் வழுக்கி விழுந்து சாகிறான், குடம் உடைகிறது, குரல் வந்த பெண் இளவரசனைக் கட்டிக்கொள்கிறாள். அதுவரை கதையில் இளவரசனே கிடையாது. அந்த மாதம் பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கருத்துகளை முதலில் நான் படிக்க வேண்டும், பிறகு அவன் கேட்க வேண்டும். பல்லாவரத்து அக்கா, இந்த முறை பால் பொங்கவில்லை என்று எழுதியிருந்தார். உபதேசியார் மனைவி சாத்தானே பரவாயில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் அண்ணன் தட்டில் சோறு போட்ட பிறகு உரக்கப் படித்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகப் பச்சை மை. ‘இதுவரை அருமையாக எழுதிய நண்பர், முடிவைத் தம் வீட்டுப் பெண் யாரிடமோ விட்டுவிட்டார் போலும். பெண் எழுத்து என்பது முதல் வரியிலேயே தெரிகிறது.’

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை மைக்கு நேர் கீழே, என் கோழிக் கிறுக்கலில், என் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். மந்திரவாதி திருடிய குரலில் ஊரைக் கூட்டிப் பேச வாயைத் திறக்கிறான். ‘நான் இவனுடையது இல்லை’ என்று குரல் கத்துகிறது. மிச்சமிருந்த வெள்ளைத் தாள்கள் எல்லாவற்றையும் ஓரம்கூட விடாமல் நிரப்பினேன்.

சாயங்காலம் பத்திரிகையோடு ரயில்வே கேட்டைத் தாண்டி நேராகத் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தவர், தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

“யாரும்மா இதை எழுதினது?”

“நான்தான் சார். முதல் அத்தியாயத்திலிருந்து நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“கருத்து எழுத இடமே இல்லையேம்மா.”

“இல்ல சார். வேணும்னுதான் விடல.”