ஐந்தாவது செடி

துறைமுகத்தைப் பார்த்த குன்றில் எங்கள் மடம் இருக்கிறது. பழைய மருத்துவ ஏடுகளைப் படித்துப் பதிப்பிக்கும் பெண்கள் சிலர் அதற்குள்ளேயே வாழ்கிறோம். அனுமதி இல்லாமல் வெளியே போவதில்லை. நான் இரசாயனம் படித்தவள். ஏட்டில் வரும் மூலிகைகளைச் சோதிப்பதும், மடத்து வளவில் வளரக்கூடாத செடிகளைக் கண்டு, பெரியம்மா என்று நாங்கள் அழைக்கும் மடத்தலைவிக்கு எழுதிக்கொடுத்து அகற்றுவதும் என் வேலை.

வளரக்கூடாதவை ஐந்து: ஊமத்தை, அலரி, குன்றிமணி, எருக்கு, கார்த்திகைப்பூ. காரணம் நஞ்சு என்று விதி சொன்னது. ஆனால் வாசலில் அலரி நின்றது. பூசைக்கு அதில்தான் பூப் பறித்தோம். கிணற்றடி எருக்கையும் எவரும் தொடவில்லை. ஐந்தாவதற்காகத்தான் மற்ற நான்கும் சேர்க்கப்பட்டன என்பது வந்த புதிதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. போரில் இறந்த போராளிகளை நினைத்து வைக்கும் பூ அது. அதை வைத்திருந்தவர்களை விசாரிக்கப் புலனாய்வு ஆட்கள் வந்த கதைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடந்த மாரியில், பக்கத்து அறை அக்காவின் யன்னலுக்கு நேரே, கடற்பக்க வேலியில் அந்தக் கொடி பூத்திருந்தது. கீழே போகும் ரோந்துப் படகிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அக்கா சாம்பல்தீவுக்காரி. அவருடைய தம்பி போரில் காணாமற்போனவன். அவன் வருவான் என்று தாய் இன்னும் காத்திருப்பதால், வீட்டில் அவனுக்கு ஒரு விளக்குக்கூட ஏற்ற முடியாது.

"நீங்களோ வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"தானா முளைச்சது எண்டு எழுதுங்கோவன். படிச்ச பிள்ளை எழுதினா பெரியம்மா நம்புவா."

தானாக முளைத்த கொடிக்கு யாரும் தடி ஊன்றி மண் அணைப்பதில்லை.

நான் எதுவும் எழுதுமுன்பே, பெரியம்மாவே கண்டுவிட்டார். இருவரையும் கூப்பிட்டு, ஒன்றில் கொடியைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நஞ்சுச் செடி, விதி விதிதான் என்றார்.

"நஞ்செண்டா நான் பிடுங்கமாட்டன்," என்றார் அக்கா. "பயம் எண்டு சொல்லுங்கோ. இப்பவே பிடுங்குறன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பிள்ளை, அது நஞ்சோ இல்லையோ?"

"நஞ்சுதான் பெரியம்மா. ஆனா பிடுங்கச் சொல்லுறது அதுக்காக இல்லையே."

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பயம்தான்," என்றார் அக்காவிடம். "வந்தா உன்னை மட்டும் விசாரிச்சிட்டுப் போகமாட்டாங்கள்."

அக்கா சொன்னபடி செய்தார். கிழங்கு முறியாமல் சுற்றிவரத் தோண்டினார். நான் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றேன். பூக்கள் வாடாமல் இருந்தன.

"இனி இதை எங்க கொண்டுபோறது?" என்று கேட்டார்.

வீட்டில் தாய் இருக்கிறார். இங்கே முடியாது. வேறு இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் விசாரிக்க ஆட்கள் வருவார்கள். சட்டியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டேன்.