உயிரோடு இருக்கும் எட்டுப் பேர்

பொகுவாவுக்கு வாரத்தில் ஆறு நாள் செத்தவர்களோடுதான் பிழைப்பு. குமாசி நகரத்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சுக்கடையில் இரங்கல் சுவரொட்டி தயார் பண்ணுகிறாள். குடும்பத்தார் செத்துப்போன பெண்ணின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். முறைத்த முகம், வெளிறிய கண். "கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஆக்கிடும்மா" என்பார்கள். இருந்தவரை அந்தப் பெண்ணை ஒருத்தரும் சிரிக்க வைக்கவில்லை. போனபிறகு கம்ப்யூட்டர் சிரிக்க வைக்க வேண்டுமாம்! என்ன நியாயமோ! பதினாறு வருஷமாக இதே வேலை. கழுத்து வலி, கண் எரிச்சல், முதலாளியின் முணுமுணுப்பு எல்லாம் கூடவே இலவசம்.

அந்த வெறுப்பில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையை எடுத்தாள். தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரைந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுக் காலை நீட்டி போனில் வம்பளக்கும் நர்ஸ் ஒருத்தி. புது விக் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் வங்கிக்காரி ஒருத்தி. எட்டுப் படம் முடிய மூன்று வருஷம் ஆயிற்று. கடைசிப் படம் கொனாடு. தெருமுனையில் வாழைப்பழம் சுட்டு நிலக்கடலையோடு விற்பவள். பழம் புரட்டும் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். வரைந்த அன்றும் அவள் படத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு அணைந்துவிடும் என்று ஓடிவிட்டாள்.

பொகுவாவுக்கு ஒரே ஆசைதான். இந்த எட்டுப் பேரும், உயிரோடு இருக்கும்போதே, ஒரு தடவையாவது தங்களைப் பெரிதாகச் சுவரில் பார்க்க வேண்டும்.

சமூகக்கூடம் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. குமாசியில் சனிக்கிழமை என்றால், ஊரே கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு துக்கத்துக்குப் போகும் நாள். அது அவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை கூடம் காலியில்லை, வேறு நாளில் முதலாளி லீவு தரமாட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிற்கவே முடியாத அசதியில், படங்களைத் தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டினாள். கீழே வைக்க அட்டை வெட்டிப் பெயர் எழுதினாள். பதினாறு வருஷம் பழகிய கை சும்மா இருக்குமா? "கொனாடு, வயது 52" என்று கொட்டைக் கறுப்பு எழுத்தில் எழுதிவிட்டது. எட்டுக்கும் அப்படியே.

காலை ஒன்பதுக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் துக்க உடையில்.

"எட்டுப் பேருமா? எந்த பஸ்ஸு கவுந்துச்சு?" என்று ஓர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஆமா தாயி, நல்ல இடத்துலதான் இருப்பாங்க. குடும்பத்துக்காரங்க எங்க வரிசையா உக்காந்திருக்காங்க? கை குடுக்கணுமே."

பொகுவா அட்டைகளைப் பிய்த்தெறிந்தாள். என்ன பிரயோஜனம்? சேதி போனில் ஊரைச் சுற்றிவிட்டது. பத்து மணிக்குக் கொனாடுவே கரிக்கையோடு வந்து நின்றாள்.

"ஏண்டி, என் தங்கச்சி போன்ல ஒப்பாரி வைக்கிறா! என் கடைக்கு வர்ற ஒருத்தி என்னைப் பார்த்ததும் அலறிக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுறா! கழட்டு அதை!"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்க்கா..."

"உசுரோட பொதைச்சிட்டு ஒரு நாளாம்! கழட்டுன்னா கழட்டு!"

பொகுவாவுக்குக் கோபம்கூட வரவில்லை. ஏணியை எடுத்துவந்து சாத்தினாள், ஏறமாட்டாமல் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலக்கா. நீயே கழட்டிக்கோ. நான் இனிமே வரையப்போறதில்ல."

"என் முட்டிக்கு ஏணி ஒண்ணுதான் குறைச்சல்!" கொனாடு ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். "வர்றவங்க பார்த்துக்கட்டும், நான் சாகலைன்னு."

வந்தவர்கள் வீல் என்று கத்தினார்கள், பிறகு சிரித்தார்கள். ஒருத்தி கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். கொனாடு எல்லாரையும் முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ஆமா, செத்துட்டேன்னு நெனச்சப்போ என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"உன்கிட்ட தினம் பழம் வாங்குற டிரைவர் ரொம்ப நேரம் நின்னாரு. இந்த அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையேன்னாரு."

கொனாடு முட்டியைத் தடவிக்கொண்டாள். பிறகு, "சரி. நான் போறப்போ இதையே போடு. அந்த அடையாள அட்டைப் படத்தை வெச்சு மானத்தை வாங்காத" என்றாள்.

அப்போதுதான் பொகுவாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "போடமாட்டேன்! செத்தவங்களுக்குத்தான் ஆறு நாளும் மாரடிக்கிறேனே, போதாதா? இது நீ பார்க்கறதுக்குக்கா! வந்ததுலேர்ந்து திட்டுறியே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா?"

கொனாடு முனகிக்கொண்டே எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். உட்கார்ந்தாள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் பல்லு இவ்வளவு பெரிசா?"

"ஆமா."

"எப்படி இப்படிச் சிரிச்சேன்?"

"நீயே சொன்ன ஜோக்குக்கு நீயே சிரிச்ச."

கொனாடு கண்ணைத் துடைத்தாள். கரி கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கறுப்புத் துணி போர்த்திய ஒருவர் தெருவிலிருந்து வந்து, படத்துக்கு முன்னால் நின்று, "பாவம், நல்ல பொம்பளை கொனாடு" என்று உச்சுக்கொட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா," என்றாள் கொனாடு. "மறைக்குது."