ஏழு அவரை விதைகள்

நான் விதை போட்டால் முளைக்காது. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துபோன விஷயம். இப்போது குடியிருக்கிற வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. கத்தரி, வெண்டை, ஒரு சுரைக்கொடி வைத்திருக்கிறேன். பாத்தி கட்டுவேன், தண்ணீர் விடுவேன், புழு பொறுக்குவேன். விதையை மட்டும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் சிரிப்பார். எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனவள், ஏதோ நம்பிக்கை என்று விட்டுவிடுவார். காரணத்தை நான் அவரிடம் சொன்னதில்லை.

அப்போது மதுக்கரையில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்கு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை. அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். அந்த ஆடி பிறந்ததும் அப்பா மேட்டுப்பாளையம் பக்கம் போய், தையில் கல்யாணம் செய்து கொடுத்த தன் தங்கச்சியை அழைத்து வந்தார். முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆடி கழிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடுவதும் அப்படித்தான்.

அத்தை வந்ததில் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். நாலு பேர் எப்படிப் படுப்பது, தலையணை பத்துமா, குடத்துத் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான் நான். இது அம்மாவிடமிருந்து வந்தது.

அத்தை வீட்டு மாமாவிடமும் ஒரு பைக் இருந்தது. தெருவில் பைக் வந்து நின்றால் அத்தை எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஜல்லியும் கண்ணாடிச் சில்லுமாக ஒரு துண்டு இடம் கிடந்தது. சும்மா நிற்க முடியாமல் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அடுத்த பைக்குக்கு இன்னும் நாலு கல். எங்கள் தெருவில் பைக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரே வாரத்தில் இடம் சுத்தமாகிவிட்டது. எங்கள் அத்தைக்குத் தோட்டம் என்றால் உயிர் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சந்தைக்கு விதை வாங்க மூன்று பேரும் போனோம். சாக்கு விரித்து, சின்னச் சின்னத் துணிப்பைகளில் விதை வைத்திருந்தார் ஒருவர்.

“தண்டங்கீரை மட்டும் போதுமுங்க. இருபது நாள்ல பறிச்சுப்போடலாம்” என்றாள் அம்மா.

அத்தையின் கை அவரை விதைப் பைக்குள் போனது. “இது எப்பங்க காய்க்கும்?”

“இப்பப் போட்டீங்கன்னா மார்கழில பூப்பூக்குமுங்க. தை பூராக் காய்தான்.”

அத்தை ஒவ்வொரு விதையாக எடுத்து, ஓட்டை இருக்கிறதா, சுருக்கம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விதைக்காரர் சிரித்தார். “ஏனுங்க அம்மணி, பொண்ணு பாக்கற மாதிரியல்ல பாக்கறீங்க!”

“என்னையப் பாக்க வந்தவங்க இத்தன நேரம் பாக்கலீங்க. நாங்களும் மாப்பிள்ளைய இத்தன நேரம் பாக்கலீங்க” என்றாள் அத்தை.

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“தை வரைக்கும் இதுக்கு ஆரு தண்ணி ஊத்தறது?”

“நான் ஊத்தறனுங்க நங்கை.” அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாளைக்கு ஒருமுறைதான் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்காகத்தான் இந்தச் சண்டை என்று எனக்குப் புரிந்தது. “நான் ஸ்கூல் பாட்டில்ல மிச்சம் பண்ணிக் கொண்டாந்து ஊத்தறேம்மா” என்றேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கீரை விதை ஒரு பொட்டலம், அவரை ஏழு விதை என்று வாங்கி வந்தோம்.

சாயங்காலம் அப்பாவிடம் அம்மா மெதுவாக ஏதோ கேட்டாள். “ஆடி கழியட்டும், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அத்தை ஏழு விதையையும் டம்ளரில் ஊற வைத்தாள். ஒன்றுகூட மிதக்கவில்லை. “பொக்கு ஒண்ணுகூட இல்ல பாரு கண்ணு” என்று என்னிடம் காட்டினாள். பந்தலுக்கென்று நாலு குச்சி ஊன்றி, பிளாஸ்டிக் கயிறும் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் அத்தை குளிக்கப் போயிருந்தாள். நான் பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தபோது, அம்மா அடுப்பில் காய்ந்த வெந்நீரை அந்த டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரிலிருந்து ஆவி வந்தது.

“எதுக்கும்மா?”

அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “சூடு பட்டாத்தான் சீக்கிரம் மொளைக்கும். அத்தைகிட்டச் சொல்லிப்போடாத. கண்ணு பட்டுரும்.”

சீக்கிரம் முளைக்கும் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ரகசியம் என்பதில் அதைவிடச் சந்தோஷம்.

அத்தை குழி எடுத்துவிட்டு விதையைக் கையில் எடுக்கும்போது அம்மா வாசற்படியில் நின்று, “உங் கையில வேண்டாம். கொழந்த கையில போடட்டும்” என்றாள். ராசியான கை போட்டால்தான் முளைக்கும் என்பார்கள். அத்தை சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, விதைகளை என் உள்ளங்கையில் வைத்தாள். குழிக்கு ஒன்றாக ஏழும் நான் போட்டேன். முளைக்காது என்று தெரிந்தும் அம்மா ஏன் என் கையைக் கேட்டாள்? அத்தையின் கைமேல் பழி விழக்கூடாது என்றா, பழி விழ ஒரு கை வேண்டும் என்றா? இன்றுவரை நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் கீரை பச்சைப் பொடி தூவினதுபோல் எழுந்தது. அவரையைக் காணோம். நாலு, ஐந்து என்று நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் காலையில் அத்தை ஒரு குழியை விரலால் கிளறி விதையை எடுத்தாள். தோல் தனியாகக் கழன்றது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். சாம்பாரில் வெந்த பருப்பைப் போலக் குழைந்துபோனது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். “எங் கைக்கு ராசி இல்லீங்களா அத்தை?”

அவள் என்னைத் துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு விரலாக மண் போகத் தேய்த்துக் கழுவினாள். “ஆரு சொன்னா? நல்ல கை கண்ணு இது” என்றாள். பிறகு, உள்ளே கேட்கும்படி, ஆனால் சாதாரணமாகத்தான் சொன்னாள். “நங்கை, கீரை பறிக்கற பதம் வந்ததும் கிளம்பிக்கறனுங்க.”

அதற்குப் பிறகு பைக் வந்து நின்றாலும் அத்தை பின்பக்கம் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பயம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது கீரையைப் பறித்து அம்மா கடைந்தாள். அத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு அன்றைக்கு மசக்கை அதிகம் போல, ஒரு வாய்கூட இறங்கவில்லை. காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏற்றிவிட நானும் அப்பாவோடு போனேன். “அவரை கொஞ்சம் லேட்டா மொளைக்குமுங்க அத்தை. தை வரைக்கும் நான் ஊத்தறேன்” என்றேன். அத்தை ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தடவினாள். அப்பா வேறு பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

அத்தை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். கல்யாணம் காட்சிகளில் பார்ப்பதுண்டு. இடது காது கேட்காது. நாங்கள் வலது பக்கம் போய் நின்று பேசிக்கொள்வோம். எப்படி ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்த டம்ளரின் ஆவியை மட்டும் அன்றைக்கே நான் சொல்லியிருந்தால், விதைக்காரரிடம் இன்னும் ஏழு விதை இருந்திருக்கும்.

சொன்னபடி தண்ணீர் ஊற்றினேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டிலில் மிச்சம் வைத்ததை ஏழு குழிக்கும் பங்கு வைப்பேன். அம்மா வாசற்படியில் நின்று பார்ப்பாள். ஊற்றாதே என்று சொன்னதில்லை. சொன்னால், ஏன் என்று கேட்கிற பிள்ளை நான். ஐப்பசி மழையில்கூட ஊற்றினேன். கார்த்திகையில் தம்பி பிறந்தான். அத்தை ஊன்றின நாலு குச்சியிலும் அவன் துணிகள் காய்ந்தன.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், துணி எடுக்க வந்த அம்மா என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவள்போல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தம்பியின் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை மாதமாக எத்தனை தண்ணீரை வீணாக்கிவிட்டேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“அழுவாதம்மா” என்றேன். “நாளையிலிருந்து பாதி பாட்டில்தான் ஊத்துவேன்.”