காஸ் ஹெச்சும் துணிக்கொடியும்

பாலிடெக்னிக்கில் அவருக்குப் பெயர் ஹெச் வாத்தியார். அதிபரவளையச் சார்புகளை அவ்வளவு வேகமாக நடத்த வேறு ஆள் கிடையாது. e அடுக்கு x, e அடுக்கு மைனஸ் x. கூட்டி இரண்டால் வகுத்தால் காஸ் ஹெச், கழித்து வகுத்தால் சைன் ஹெச். பலகையில் தொட்டில் மாதிரி ஒரு வளைவு. "இது எதுக்கு சார்?" என்று எவனாவது கேட்டால், "பாஸ் பண்றதுக்கு" என்பார். உண்மையில் அவருக்கும் தெரியாது. சொன்னதைச் சொல்லும் கிளிதான். என்ன, சம்பளம் வாங்கும் கிளி.

அன்று துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். அந்த நாற்காலியை நினைத்தே அவருக்குப் பல வருஷம் வாயூறியிருந்தது. போட்டுக்கொண்டு போகவேண்டிய வெள்ளைச் சட்டையோ கொல்லையில், கொடிக்கம்பியின் நடுவில், தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"கம்பியைக் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க," என்றாள் மனைவி.

ஏற்றிக் கட்டுவது சாமானியர் வேலை. கணக்கு வாத்தியார் ஸ்கேல் வைத்தாற்போல நேராக்கிக் காட்ட வேண்டாமா? கம்பி முனையில் இருந்த திருகாணியை முறுக்கினார். தொய்வு குறைந்தது, போகவில்லை. இன்னும் முறுக்கினார்.

"தொய்வு இருந்துட்டுப் போகட்டுமே. உங்களை என்ன பண்ணுது?"

"நேரா வராம எங்க போயிடும்?"

கம்பி வரவில்லை, கொக்கி வந்தது, சுவர்ச் சாந்தோடு. சட்டை சாக்கடையில் குளித்தது.

மனைவி திட்டியது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டு வெறுங்கொடி சோம்பலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பலகையில் போடும் அதே தொட்டில். 'தொங்கும் சங்கிலி' என்று புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. சிலபஸில் இல்லை என்று வருஷாவருஷம் தாண்டிப் போனது. தன் பாரத்தில் தானே தொங்கும் கம்பிக்கு காஸ் ஹெச்தான் வடிவம். எவ்வளவு இழுத்தாலும் அது நேர்க்கோடாகாது, கொக்கிதான் பிடுங்கிக்கொள்ளும்.

கசங்கிய கட்டம்போட்ட சட்டையில் போய் நின்றார். "இந்தப் பாடம் எதுக்குன்னு பசங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார் நேர்காணல் குழுவின் தலைவியம்மா. வாத்தியார் தன் சாவிச் சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டு விளக்கினார்.

"பிரமாதம். எத்தனை வருஷமா இப்படி நடத்துறீங்க?"

ஒரு பொய் போதும், நாற்காலி கைக்கு வந்துவிடும். ஆனால் காலையிலிருந்து பொங்கிய சந்தோஷம் முந்திக்கொண்டது. "இன்னைக்குக் காலையிலதான் மேடம் எனக்கே புரிஞ்சுது."

சாயங்காலம் மனைவி புதுக் கொக்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"போச்சு."

வருத்தம்தான், இல்லையென்று சொன்னால் அது பொய்.

"சரி, அந்த முனையைப் பிடிங்க. இழுக்காம பிடிங்க."

பிடித்தார். கம்பி தன் இஷ்டத்துக்குத் தொய்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு இதைக் கழட்டி வகுப்புக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றார்.

"முதல்ல துணி காயட்டும்," என்றாள்.