காலி இடத்தில் ஒரு கோடு

ராமுலு அண்ணன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. கோயமுத்தூர் கோர்ட்டு வாசலில் பத்தொன்பது வருடமாக மனு தட்டச்சு செய்து கொடுக்கிறேன். முன்பு மெஷின், இப்போது கம்ப்யூட்டர். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்துவது முதல் விவாகரத்து வரை எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகின்றன. வருகிறவர்கள் நான் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பின்பக்கம் திருப்புவார். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் துளி இடம் இருந்தாலும், சட்டைப்பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார். அதற்குப் பிறகுதான் பெயர் எழுதுவார்.

சமையல் கேஸ் கனெக்‌ஷன் பாரத்தில் இப்படிக் கோடு போட்டதால், ஏஜென்சிக்காரர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை பாரத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, அந்த எடத்துல யாரு வந்து என்னத்த எழுதப் போறாங்க?"

"யாரு வேணா எழுதலாம் அம்மணி. எடம் இருக்குதல்ல."

மனிதர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. முன்பு உக்கடத்துப் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் லோடுமேனாக இருந்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சரக்குக்கு உரியவர் வரத் தாமதமானால், அவருக்குப் பதிலாக லோடுமேன் ஒருவரே டெலிவரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு மூட்டையை இறக்கி வைத்துவிடுவார். ராமுலு அண்ணன் எட்டாவது வரை படித்தவர், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். "ராமுலு, ஒண்ணு போட்டுப்போடு" என்று எல்லோரும் புத்தகத்தை அவரிடமே நீட்டுவார்கள். அவரும் யார், என்ன என்று கேட்காமல் சிரித்துக்கொண்டே போடுவார்.

பதிமூன்று வருடத்துக்கு முன்பு அப்படி அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பருத்திக்கொட்டை மூட்டைக்குள் இருபத்திரண்டு கிலோ கஞ்சா இருந்தது. எடுக்க வேண்டியவன் வரவேயில்லை. வந்தது போலீஸ். புத்தகத்தில் இருந்த ஒரே பெயர் ராமுலு. ஸ்டேஷனில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார்கள். பழக்க தோஷம், அதிலும் போட்டுவிட்டார். கோர்ட்டில் அந்தத் தாள் முழுநீள ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நின்றது.

அந்த எடைக்கு ஜாமீன் லேசில் கிடைக்காது. இரண்டு வருடம் ஒரு மாதம் உள்ளே கிடந்தார். கடைசியில் நீதிபதி, இவர் குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்தார். கோர்ட்டு விட்டது, ஸ்டேஷன் விடவில்லை. சந்தேக நபர்கள் பதிவேட்டில் அவர் போட்டோ ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. தேர்தலோ, ஊர்வலமோ, மந்திரி வருகையோ, எது வந்தாலும் முந்தின நாள் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து வாசலில் நின்று அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். இதனாலேயே ஐந்து வாடகை வீடு மாறினார்கள். செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு நீளமான வால் இருக்கும் என்று நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மகள் ஹர்ஷிணியைக் கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்தார்கள். கஞ்சா கேஸ் விஷயத்தைச் சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை. தலைதீபாவளிக்கு அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தபோது பைக் வந்து நின்றது. சம்பந்தியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தவர்தான், திரும்ப எடுக்கவில்லை. இப்போது ஹர்ஷிணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் தங்க வேண்டும்.

"வளைகாப்புக்கு வாரோம். ஆனா போலீசு வந்து போற ஊட்டுல எங்க புள்ளைய உட்டுட்டுப் போவ மாட்டோமுங்க" என்று சம்பந்தியம்மா போனில் சொல்லிவிட்டார். ராமுலு அண்ணனின் மனைவி பத்மாவதி அக்கா என் மேஜைக்கு வந்து இதைச் சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் சுரேந்தர் வந்தார். இளம் வக்கீல்கள் சிலர் சேர்ந்து, பழைய கஞ்சா கேஸ்களால் இன்னும் ஸ்டேஷன் பதிவேட்டில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இலவசமாக மனுப் போடுகிறார்களாம். ஒரு மாதிரி மனுவைக் கொடுத்து, "இருபத்தொன்பது பேருக்கு வேணுங்க்கா. பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றார். போட்டேன். முப்பதாவது பெயராக ராமுலு அண்ணனை நானே சேர்த்துவிட்டு, அவருக்கு போன் செய்தேன்.

வந்தவர் சுரேந்தரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மாவாங்க பண்றீங்க?"

"ஆமாங்கண்ணா. அமெரிக்காவுல சில மாநிலத்துல கஞ்சா வச்சிருக்கறதே குத்தமில்லன்னு ஆக்கிப்போட்டாங்க. பழைய கேசையும் அரசாங்கமே தேடித் தேடி அழிக்குது. நம்ம ஊர்ல அதெல்லாம் எப்ப வருமோ. இதையாவது நாம கேட்டு வாங்கலாமேன்னுதான்."

"அவிக அழிக்கட்டுமுங்க. என்ரத அழிக்கறதுல உங்களுக்கு என்னங்க லாபம்?"

சுரேந்தர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உதவி செய்ய வந்த பையனை இப்படியா கேட்பது? ராமுலு அண்ணன் எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல், மனுவை எடுத்துக்கொண்டு கேன்டீன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாசித்தார். திரும்பி வந்து ஐந்தாவது வரியில் ஸ்கேலை வைத்தார்.

"இத வாசிங்க அம்மணி."

"நான் என் கடந்த காலத் தவறுகளுக்கு வருந்தி, திருந்தி வாழ்ந்து வருகிறேன்" என்று வாசித்தேன்.

"எந்தத் தப்புங்க?"

அந்த வரியை முப்பது முறை பிரிண்ட் எடுத்தவள் நான். ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

"அது சும்மா வார்த்தைதாங்கண்ணா" என்றார் சுரேந்தர். "எல்லாருக்கும் பொதுவா எழுதினது. மூணு மணிக்குள்ள கமிஷனர் ஆபீசுல கொண்டுபோய்க் குடுக்கோணும். இத விட்டா அடுத்து எப்ப மனு வாங்குவாங்களோ."

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் ராமுலு அண்ணன் பேனாவை மூடிவிட்டார்.

"மக வந்து தங்காட்டியும் தொலையுதுங்க. இதுல நான் போட்டா, அன்னைக்குப் போட்ட வெள்ளத்தாளும் நெசமாயிருமுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் இந்த மனிதருக்குக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "வழக்கில் நான் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவன்" என்று புதிதாக அடித்தேன். தீர்ப்பு நகல் அவர் பையிலேயே பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. அது இல்லாமல் அவர் கடைக்குக்கூடப் போவதில்லை. மற்ற இருபத்தொன்பது பேரில் எத்தனை பேர் இப்படி விடுதலையானவர்கள் என்று கேட்டேன். சுரேந்தர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்; அவர்களும் கையெழுத்துப் போட வாசலில்தான் காத்திருந்தார்கள். இரண்டே முக்காலுக்கு ஐந்து மனுவும் திருந்தின. ராமுலு அண்ணன் கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. வளைகாப்பு நாள் வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். ஹர்ஷிணியின் பெட்டி கிணத்துக்கடவிலிருந்து வந்த காரிலேயே இருந்தது, இறக்கவில்லை. சம்பந்தியம்மா முதல் வளையலைக் கையில் எடுத்தபோது, வெளியே பைக் சத்தம் கேட்டது.

"ராமுலு யாருங்க?"

சம்பந்தியம்மாவின் கை அப்படியே நின்றது. பத்மாவதி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நல்ல செய்தி போலீஸ் பைக்கில் வரும் என்று யாருக்குத் தோன்றும்? நான் அடித்ததில் ஏதோ தப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

போலீஸ்காரர் ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"படிங்க சார்."

"நீங்களே படிச்சுக்கலாமுங்க."

"கண்ணாடி இல்லீங்க."

கண்ணாடி அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு முணுமுணுவென்று படிக்க ஆரம்பித்தார்.

"சத்தமாப் படிங்க சார். பின்னாடி ஒக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். மேற்படி ராமுலு குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் விடுவித்திருப்பதால், அவர் பெயரும் புகைப்படமும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகின்றன என்று இருந்தது. தலைதீபாவளியன்று கேட்ட அதே காதுகள் இதையும் கேட்டன. சம்பந்தியம்மா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"கார்ல இருக்கற பொட்டிய எறக்கி வைங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஹர்ஷிணியின் கையைப் பிடித்து வளையலை ஏற்றினார்.

பத்மாவதி அக்கா வாய்விட்டு அழுதார். ராமுலு அண்ணன் அழவில்லை. இப்போது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழே பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல அந்த ரெண்டு வருசம் எங்கீங்க சார்?"

"அதெல்லாம் இதுல வராதுங்க."

கடைசி வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. ராமுலு அண்ணன் ஸ்கேலை எடுத்தார். மூலைக்கு மூலை, அவசரமில்லாமல் கோடு கிழித்துவிட்டுப் பெயரை எழுதினார்.