கல்வராயன் மலையில் தண்ணீர் குடிக்கலாமா?

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போகிறோம். அங்கே தண்ணீர் குடிக்கலாமா, கேன் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?" எனக்குச் சுருக்கென்றது. அந்த மலைக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் சுமந்தவன் நான். பதில் எழுதும் முன் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று, தை மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளம்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து காலை 6.40க்கு வெள்ளிமலை பஸ். ஜன்னலோரம் வேண்டுமென்றால் கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர். எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம். வளைவுகளில் வயிறு புரட்டும், இட்லியை இரண்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். நான் நான்கு சாப்பிட்டுவிட்டு அவதிப்பட்டேன்.

இதே சாலையில் நான் முதலில் போனது எண்பதுகளின் பிற்பகுதியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த நாட்களில். அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர். மலையில் வாந்திபேதி, இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் ஒன்றிய சுகாதாரக் குழு அவசரமாகக் கூடி, என்னையும் கிராம செவிலியர் மல்லிகாவையும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர், குளுக்கோஸ் பாட்டில்களோடு ஜீப்பில் அனுப்பியது.

வழியில் கச்சிராயபாளையத்துக்கு முன்பே சாலையின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிக் கிடந்தன. மறியலில் நின்ற ஒருவர், "இன்னா சார் மூட்டையில?" என்றார். சொன்னேன்.

"ஜீப்ப வுட முடியாது சார். வுட்டா நாளைக்கு எல்லாரும் எங்களத்தான் கேப்பாங்க. ஆளு போலாம், மருந்து போலாம். நாங்களே தூக்கியாறோம்."

சொன்னபடி மரம் மரமாகத் தாண்டி மருந்தைக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். மாட்டுவண்டி ஒன்றும் பிடித்துக் கொடுத்தார்கள். அணை வரை வண்டி, அப்புறம் மூன்று மணி நேரம் ஒற்றையடிப் பாதை. அவ்வளவு ஏற்றத்துக்கு மூட்டை ஆகாது. அடிவாரத்தில் அதை அணைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, அதிலிருந்து அள்ளிய ஆறு கிலோ டின்னை நானும் குளுக்கோஸ் பாட்டில்களை மல்லிகாவும் சுமந்தோம்.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. நோய் வந்த ஊர் என்று இப்போது பெயர் வாங்கித் தர எனக்கு மனசில்லை. அதையும் சேர்த்து, பக்கம் பக்கமாக நான்கு சிற்றூர்கள், நான்கு கிணறுகள். டின்னில் இருந்தது கணக்காக நாலுக்கும் போதும்.

யாரும் தண்ணீர் எடுக்காத நேரம் பார்த்து மருந்து போட வேண்டும் என்பது எங்கள் விதி. ஊரார் சாமை அறுக்கப் போயிருந்த பிற்பகலில் முதல் இரண்டு கிணறுகளிலும் போட்டு முடித்து, இரண்டாவது ஊரிலேயே மல்லிகாவோடு தங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. விதியைப் படித்தவனுக்கு ஊரைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை திரும்பினால் முதல் கிணற்றில் தண்ணீரே இல்லை. உள்ளே நான்கு பெண்கள் சுவரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் சடையன் பெருமையாகச் சொன்னார்: "எவனோ கெணத்துல இன்னாவோ கொட்டிட்டான் சார். ஒரே நாத்தம். ஊரே சேந்து எறச்சிக் கொட்டிட்டோம்."

கிணறு நாறினால் ஒட்ட இறைத்துக் கழுவிவிடுவது அவர்கள் வழக்கம். இரண்டாவது ஊரிலும் என் கண்ணெதிரே ஆட்கள் இறைக்கத் தொடங்கியிருந்ததை, வயலுக்கு என்று நினைத்து வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவன் நான்! டின்னில் பாதி போய்விட்டது. மறுபடி கீழே இறங்கி ஏற முழு நாள் ஆகும். ஊருக்குள் பதினாறு பேர் பாயில் கிடந்தார்கள். அழுகை வந்துவிட்டது.

மல்லிகா கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஏன் சார் தலைல கைய வெச்சிக்கினு ஒக்காந்துட்டீங்க? இனிமே ஊறுனாலும் முட்டியளவு தண்ணிதான். மருந்தும் கம்மியாத்தான வேணும்?"

அட, ஆமாம்! சடையனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மற்ற ஊர்களுக்கு ஆள் விட்டார். அன்று மாலைக்குள் நான்கு கிணறுகளையும் ஒட்ட இறைத்துக் கழுவிவிட்டார்கள். புதிதாக ஊறிய தண்ணீருக்கு இருந்த மருந்தே தாராளம். அதைப் போட்டுவிட்டுக் கிணற்றுமேட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்து, எல்லோரும் பார்க்க மல்லிகா ஒரு சொம்பு குடித்தார். அடுத்து சடையன், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

ஆறாம் நாளுக்குப் பிறகு மல்லிகாவின் நோட்டில் புதுப் பெயர் ஏறவில்லை. நாங்கள் போன பின் ஓர் உயிரும் போகவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லாமல் எந்தக் கிணற்றிலும் மருந்து போடக் கூடாது, முடிந்தால் இறைத்த பிறகே போட வேண்டும் என்று எங்கள் குழு தீர்மானம் போட்டது. என் முட்டாள்தனத்தில் பிறந்த தீர்மானம்தான். ஆனாலும் எனக்கு அதில் பெருமை உண்டு.

இப்போது அந்த ஊரில் மேல்நிலைத் தொட்டி. வெள்ளிமலையிலிருந்து ஆட்டோவில் போனேன். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் செல்வி, சடையனின் பேரன் மனைவி. தண்ணீர் கேட்டேன். சொம்பை வாயருகே கொண்டுபோனதும் அந்தப் பழைய வாசனை.

"மருந்து ஜாஸ்தியோ?" என்று சீண்டினேன்.

"நீங்க வேற சார். ஒரு நாள் பவுடர் தீந்துபோச்சி, போடாம வுட்டுட்டேன். வாசனையே இல்ல, இன்னாவோ ஆயிப்போச்சின்னு ஊரே வந்து நின்னுக்கினு, தொட்டி மொத்தத்தையும் தொறந்து வுட்டாதான் போவோம்னுட்டாங்க!"

எனவே, கேள்வி கேட்ட வாசகரே: காலை பஸ்ஸில் ஏறுங்கள், மாலை நாலரைக்குள் திரும்பும் பஸ்ஸைப் பிடியுங்கள், மழை நாட்களில் அருவிப் பாறைகளில் கால் வைக்காதீர்கள். கேன் வேண்டாம். ஏதாவது ஒரு வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். லேசாக மருந்து வாசனை அடித்தால் பயப்படாமல் குடியுங்கள்.

நான் இரண்டு சொம்பு குடித்தேன்.